துறையும் மடையும்: தாமிரபரணி குறித்து ஓர் அறக்கட்டளைச் சொற்பொழிவு



இந்த அறக்கட்டளை எந்தப் பெரியவரின் நினைவாக நிறுவப்பட்டதோ, அவரை நான் என் வாழ்நாளில் இரண்டே முறை பார்த்திருக்கிறேன். இரண்டு முறையும் ஆற்றங்கரையில்தான். முதல் முறை பார்த்தபோது எனக்குப் பதினைந்து வயது இருக்கும். விடியற்காலை. இடுப்பளவு தண்ணீரில் நின்று, கண்ணை மூடி, இரு கையாலும் நீரை அள்ளி மூன்று முறை விட்டார். கரையேறினார். துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே, பக்கத்தில் பல் விளக்கிக்கொண்டிருந்த விவசாயி ஒருவரிடம் கேட்டார்: “அண்ணாச்சி, நேத்து எட்டுப் படிதான் வெளிய தெரிஞ்சுது. இன்னைக்கு ஒம்பதாம் படி தெரியுது. கால்ல தண்ணி தெறந்துட்டாங்களா?”

கும்பிட்ட கையின் ஈரம் காயவில்லை. அதற்குள் படியை எண்ணி முடித்திருக்கிறார். அந்தக் காலைப் பொழுதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

துறை என்பது மனிதர் ஆற்றுக்குள் இறங்கும் இடம். மடை என்பது ஆறு மனிதரின் வயலுக்குள் இறங்கும் இடம். துறையில் நிற்பவன் ஆற்றைத் தாயே என்கிறான். மடையில் நிற்பவன் தண்ணீர் எத்தனை விரற்கடை வருகிறது என்று பார்க்கிறான். இந்த இரண்டையும் ஒரே மனிதர் ஒரே காலையில் செய்தார். நாம் அதைப் பிரித்துவிட்டோம். துறையைப் பக்தியிடமும் மடையைப் பொதுப்பணித் துறையிடமும் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டோம். தாமிரபரணிக்கு இன்று வந்திருக்கும் கேடுகளில் பெரும்பாலானவை அந்தப் பிரிவினையில் தொடங்கியவை என்பது என் முடிவு. அதற்கான காரணங்களை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் ஆற்றைப் பற்றிச் சில சொற்கள். பொதிகை மலையின் உச்சிக்காட்டில், பூங்குளம் என்று சொல்லப்படும் இடத்தில் பிறக்கிறது. பாணதீர்த்தத்தில் விழுந்து, காரையாறு அணையில் தேங்கி, பாபநாசத்தில் சமவெளிக்கு வருகிறது. சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனாநதி, பச்சையாறு, சிற்றாறு எல்லாம் வந்து சேர, சுமார் 125 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. தமிழ்நாட்டிலேயே பிறந்து தமிழ்நாட்டிலேயே கடல் சேரும் வற்றாத ஆறு இது. தென்மேற்குப் பருவமழை மலையுச்சியை நனைக்கும். அது ஓய்ந்தால் வடகிழக்குப் பருவமழை வரும். இரண்டு மழைக்கும் நடுவே காடு தண்ணீரைப் பிடித்து வைத்திருந்து கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. வற்றாத ஆறு என்று நாம் பெருமையாகச் சொல்வதற்குப் பின்னால் இருப்பது அந்தக் காடு. அகத்தியர் அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று நம்பிய காலம்வரை அந்த மலையில் கோடரியோடு ஏறத் தயங்கினார்கள். இன்று அது களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகம்.

பழம்பெயர் பொருநை. வால்மீகி ராமாயணத்தில் சீதையைத் தேடித் தெற்கே போகும் வானரர்களுக்கு வழி சொல்லும்போது சுக்ரீவன் இந்த ஆற்றைச் சொல்கிறான்: முதலைகள் நிறைந்தது, கணவனிடம் போகும் இளம்பெண்ணைப் போலக் கடலிடம் போகிறது என்று. மகாபாரதத்தின் வனபர்வத்தில் தீர்த்தங்களின் வரிசையில் தாமிரபரணிக்கு இடம் உண்டு. நம்மாழ்வார் பிறந்த குருகூர் இதன் கரையில்தான் இருக்கிறது. வைகாசி விசாகம் அவருடைய திருநட்சத்திரம். ஆறு பிறந்த நாளும் வைகாசி விசாகம் என்றுதான் இந்தக் கரையில் சொல்கிறார்கள். கவிஞனுக்கும் ஆற்றுக்கும் ஒரே பிறந்தநாள் வைத்த ஊரை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

இனித் துறைக்கு வருவோம். திருநெல்வேலிக்காரர்கள் முகவரி சொல்லும்போது கவனித்திருப்பீர்கள். குறுக்குத்துறை, சிந்துபூந்துறை, கருப்பந்துறை, ஜடாயு துறை. தெருப்பெயர் மாறும், பேருந்து நிறுத்தத்தின் பெயர் மாறும்; துறையின் பெயர் மாறுவதில்லை. ஒரு துறையில் பிள்ளைக்கு முதல் முடி இறக்குவார்கள். இன்னொரு துறையில் அஸ்தி கரைப்பார்கள். மேல்கரையில் பாபநாசத்திலிருந்து கீழ்கரையில் சேர்ந்தபூமங்கலம் வரை நவகைலாயம் ஒன்பது. உரோமச முனிவர் ஆற்றில் விட்ட ஒன்பது தாமரைப் பூக்கள் ஒதுங்கிய இடங்கள் அவை என்பது தலபுராணம். ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி சுற்றுவட்டாரத்தில் நவதிருப்பதி ஒன்பது. சைவமும் வைணவமும் இங்கே போட்டி போட்டுக்கொண்டு கரையைப் பங்கிட்டுக்கொண்டன என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மிதந்து போகும் பூ எங்கே ஒதுங்கும்? ஆறு வளையும் இடத்தில், நீரோட்டம் தணியும் இடத்தில். அங்கேதான் இறங்கிக் குளிக்கவும் குடம் முகக்கவும் வசதி. கதை சொன்னவனுக்கு ஆற்றின் போக்கு தெரிந்திருக்கிறது.

எங்கள் ஆச்சி பித்தளைக் குடத்தோடு ஆற்றுக்குப் போகும்போது நானும் கூடப் போவேன். நேராகக் குடத்தை முக்க மாட்டாள். முதலில் உள்ளங்கையால் நீர்ப்பரப்பை இரண்டு முறை தள்ளிவிடுவாள். மிதக்கும் துரும்பும் தூசியும் விலகிப் போகும். பிறகு குடத்தைச் சாய்த்து, வாய் மூழ்காமல், ஓட்டத்துக்கு எதிர்முகமாக முகப்பாள். ஆற்றில் துப்பக்கூடாது, சோப்பு போட்ட துணியைக் குடிநீர்த் துறைக்கு மேலே அலசக்கூடாது, மாட்டைக் கீழ்த்துறையில்தான் கழுவ வேண்டும். ஏன் என்று கேட்டால் சுகாதாரம் என்ற சொல் அவள் வாயில் வராது. “தாய் மடியில துப்புவியால?” என்பாள், அவ்வளவுதான். அந்த ஒரு கேள்வி ஒரு நகராட்சி செய்ய வேண்டிய வேலையைச் செய்தது. குடிக்கும் துறை மேலே, குளிக்கும் துறை அதற்குக் கீழே, துவைக்கும் துறையும் மாடு இறங்கும் துறையும் இன்னும் கீழே என்ற வரிசையை யாரும் பலகையில் எழுதி வைக்கவில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போனால் நான் உண்மை பேசியவனாக மாட்டேன். அந்த மேல் கீழ் வரிசை தண்ணீருக்கு மட்டும் போட்ட வரிசை அன்று. மனிதருக்கும் போட்டார்கள். எந்தச் சாதிக்கு எந்தத் துறை என்ற கணக்கு இருந்தது. கீழ்த்துறைக்குத் தள்ளப்பட்டவர்கள் மேலே இருந்தவர்களின் அழுக்கைத்தான் குடித்தார்கள். தீர்த்தம் எல்லாப் பாவத்தையும் போக்கும் என்று சொன்ன அதே வாய், இன்னார் இந்தத் தீர்த்தத்தில் இறங்கினால் தீட்டு என்றும் சொன்னது. துறையின் பெருமையைப் பேசும் எவரும் இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

1999ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாளையும் இந்த ஆறு சுமக்கிறது. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஊர்வலமாக வந்தவர்கள் மீது நடந்த தடியடியில், தப்பிக்க ஆற்றில் இறங்கிய 17 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒரு குழந்தையும் உண்டு. ஆண்டுதோறும் அதே நாளில் மக்கள் வந்து ஆற்றில் பூத் தூவிவிட்டுப் போகிறார்கள். ஆடி அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும் வாங்கிக்கொள்ளும் ஆறு அந்தப் பூவையும் வாங்கிக்கொள்கிறது. அதுவும் நீத்தார் கடன்தான்.

துறையிலிருந்து மடைக்குப் போவோம். இந்த ஊரின் பெயர்க்காரணக் கதையே இரண்டையும் முடிச்சுப் போடுகிறது. வேதசர்மா கோயில் நைவேத்தியத்துக்கு வைத்திருந்த நெல்லை வெயிலில் உலர்த்திவிட்டுத் தாமிரபரணிக்குக் குளிக்கப் போகிறார். மழை பிடித்துக்கொள்கிறது. ஓடி வந்து பார்த்தால் சுற்றிலும் வெள்ளம், நெல் மட்டும் வேலியிட்டதுபோல் நனையாமல் கிடக்கிறது. நெல்லுக்கு வேலி, திருநெல்வேலி. சிவபெருமான் இந்தக் கதையில் அசுரனைக் கொல்லவில்லை; காயப்போட்ட நெல்லைக் காக்கிறார். ஒரு வேளாண் ஊர் தன் கடவுளிடம் என்ன எதிர்பார்த்தது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

இன்னொரு கதை இதைவிட முக்கியமானது. கன்னடியன் கால்வாய்க் கதை. ஊருக்கு ஊர் சொல்லும் விதம் மாறும், சாரம் ஒன்றுதான். கன்னட தேசத்திலிருந்து வந்த பிரம்மச்சாரி ஒருவருக்குச் சேர நாட்டு அரசன் கொடுத்த தானத்தால் பெரும் பொருள் கிடைக்கிறது. அதை எதற்குச் செலவிடுவது என்று தெரியாமல் பொதிகை மலைக்குப் போய் அகத்தியரைத் தேடுகிறார். முனிவர் சொல்லும் வழி இது: ஒரு பசு தென்படும், அதன் பின்னால் போ. அது போகும் வழியில் கால்வாய் வெட்டு. அது கோமியம் பெய்யும் இடத்தில் மடை வை. படுக்கும் இடத்தில் குளம் வெட்டு. அது மறையும் இடத்தில் கால்வாயை முடி.

வெறும் அற்புதக் கதை என்று இதைத் தள்ளிவிடாதீர்கள். மாடு மேட்டில் முட்டி ஏறாது. சரிவைப் பிடித்து, வளைந்து வளைந்து, காலுக்குச் சுகமான சமமட்டத்தில்தான் நடக்கும். சமவெளியில் கால்வாய்க்கு வேண்டியதும் அதே மட்டம்தான். படுப்பதற்கு அது தேர்ந்தெடுக்கும் இடம் தாழ்வாகவும் ஈரமாகவும் இருக்கும். கதையைக் கட்டியவர்களுக்கு நிலத்தைப் படிக்கத் தெரிந்திருக்கிறது. அதைவிடப் பெரிய சேதி ஒன்று இதில் இருக்கிறது. தானமாக வந்த பொருளைக் கோயில் கோபுரத்தில் போடச் சொல்லவில்லை அந்த முனிவர். கால்வாய் வெட்டச் சொன்னார். வாய்க்கால் வெட்டுவது புண்ணியம், பெரிய புண்ணியம், முனிவரே கைகாட்டும் புண்ணியம். கன்னடியன் கால்வாய் இன்றும் ஓடுகிறது. கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவிப் பக்கம் அதன் தண்ணீரில்தான் நடவு நடக்கிறது.

தாமிரபரணியில் இப்படி எட்டு அணைக்கட்டுகள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசியில் உள்ள ஸ்ரீவைகுண்டம் பிரிட்டிஷ் ஆட்சியில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டியது. மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. எட்டு அணைக்கட்டிலிருந்து பதினொரு கால்வாய்கள் பிரிகின்றன. அவற்றின் வழியாகவும் அவை நிரப்பும் குளங்களின் வழியாகவும் பாயும் நிலம் ஏறத்தாழ 86,000 ஏக்கர். ஜூனில் தண்ணீர் திறந்தால் கார் சாகுபடி, ஐப்பசி மழையை ஒட்டிப் பிசானம். மேலே பாபநாசம், சேர்வலாறு, 1958இல் முடிந்த மணிமுத்தாறு அணைகள் வந்த பிறகு கணக்கு இன்னும் நுட்பமாயிற்று. இன்றும் வயலில் நிற்பவரிடம் “அணை எவ்வளவு?” என்று கேட்டுப் பாருங்கள். பாபநாசம் அணைக்கு முழு அளவு 143 அடி, இன்று இத்தனை அடி என்று நாக்கு நுனியில் வைத்திருப்பார். காலையில் செய்தித்தாளில் முதலில் அவர் தேடுவது அந்த எண்ணைத்தான்.

இந்த நெல் எவ்வளவு பழையது என்பதற்கும் சான்று கிடைத்திருக்கிறது. ஆற்றுப்படுகையில் உள்ள சிவகளையில் முதுமக்கள் தாழி ஒன்றுக்குள் இருந்த நெல் உமியின் காலம் கி.மு. 1155 என்று ஆய்வில் தெரியவந்ததைத் தமிழ்நாடு அரசு 2021 செப்டம்பரில் அறிவித்தது. மூவாயிரத்து நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன் யாரோ தம் இறந்தவருக்கு ஒரு பிடி நெல்லை உடன் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். வயலில் விளைந்தது சடங்குக்குப் போயிருக்கிறது. தென்கரையில் ஆதிச்சநல்லூர் பரம்பில் அலெக்சாண்டர் ரீ தோண்டி எடுத்த தாழிகளும் வெண்கலப் பொருள்களும் இரும்புக் கருவிகளும் அந்த மக்களின் கைத்திறனைக் காட்டுகின்றன.

முகத்துவாரத்தில் ஆறு வேறொரு வேலையும் செய்தது. பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கை இன்று கடலைவிட்டு உள்ளே கிடக்கிறது. ஆறு கொண்டுவந்த வண்டல் கடலைத் தள்ளிவிட்டது. துறைமுகம் காயலுக்கு நகர்ந்தது. மார்க்கோ போலோ பார்த்தது அதைத்தான். காயலும் தூர்ந்தது. பிறகு புன்னைக்காயல். மேலே நெல்லுக்கு வளமாய் இறங்கிய அதே வண்டல் கீழே ஒரு பட்டினத்தை மூடியது. ஆற்றைத் தெய்வம் என்பவர்கள் இதையும் அதன் கணக்கில்தான் எழுத வேண்டும்.

நெல்லுக்கு அடுத்தபடி எனக்குப் பிடித்தது பத்தமடைக் கோரை. ஆற்றோரம் விளையும் கோரையை அறுத்து, நெடுக்காகக் கீறி, காயவைத்து, கட்டாகக் கட்டி ஓடும் நீரில் நாட்கணக்கில் ஊறப்போடுவார்கள். தேங்கிய தண்ணீரில் போட்டால் நாறிப்போகும், நிறம் கெடும். ஓடுகிற தண்ணீர் வேண்டும், அது சுத்தமாகவும் இருக்க வேண்டும். ஊறிப் பருத்த கோரையை மறுபடி காயவைத்து மெல்லிய இழையாகச் சீவித்தான் பட்டுப்போல் மடியும் அந்தப் பாயை நெய்ய முடியும். நெய்பவர்கள் பெரும்பாலும் இஸ்லாமியப் பெண்கள். அந்தப் பாய் கல்யாணத்துக்குப் போகிறது, மாப்பிள்ளை பெண் பெயர் நெய்து. ஆறு புனிதமா இல்லையா என்ற கேள்வியை அவர்கள் எழுப்புவதில்லை. ஆறு கெட்டால் பாய் கெடும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இனிக் கேடுகளைப் பற்றி. பாபநாசத்தில் கோயிலுக்கு எதிரே உள்ள துறையில் மீன்கள் கூட்டம் கூட்டமாக இருக்கும். யாரும் பிடிப்பதில்லை. பொரி வாங்கிப் போட்டால் தண்ணீர் கொதிப்பதுபோல் மேலே வரும். பக்தியே காவலாக நிற்கும் இடம் அது. அதே துறையில், அதே பக்தியின் பெயரால், பரிகாரம் முடித்தவர்கள் உடுத்தியிருந்த துணியை ஆற்றில் விட்டுவிட்டுப் போகிறார்கள். சில மாதங்களுக்கு முன் அங்கே நின்றேன். பாறையைச் சுற்றி ஒரு நைலான் சேலை முறுக்கிக்கொண்டு கிடந்தது. அதன் மடிப்பில் பொரிக் கவர் ஒன்றும் சிறு மீன் ஒன்றும் மாட்டியிருந்தன. மீன் செத்திருந்தது. தன்னார்வலர்கள் இறங்கி மூட்டை மூட்டையாகத் துணியை இழுத்துப் போடுகிறார்கள். அடுத்த அமாவாசைக்கு மறுபடி நிறைந்துவிடுகிறது. ஆற்றில் துணியை விடச் சொல்லும் விதியை எங்கள் ஆச்சி எனக்குச் சொல்லித் தந்ததில்லை. துணியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு வருவதுதான் அவள் காட்டிய வழக்கம்.

நகரத்துக்கு வந்தால் சாக்கடை. எந்தத் துறையில் தைப்பூசத்துக்குத் தீர்த்தவாரி நடக்கிறதோ அதன் அக்கம்பக்கத்திலேயே கழிவுநீர் கலக்கிறது. உற்சவ மூர்த்தி நீராடும் நாளுக்கு மட்டும் கரையைக் கூட்டிப் பெருக்குகிறோம். 2018 அக்டோபரில் மகாபுஷ்கரம் நடந்தது. குரு விருச்சிக ராசிக்கு வந்ததை ஒட்டி, 144 ஆண்டுகளுக்கு ஒரு முறை என்று சொல்லி மக்கள் திரளாக வந்து நீராடினார்கள். அந்தப் பன்னிரண்டு நாளும் ஆறு எல்லோருக்கும் தாயாக இருந்தது. பதின்மூன்றாம் நாள் முதல் அது யாருடைய பொறுப்பு என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

மணலைச் சொல்ல வேண்டும். ஆற்று மணல் என்பது கட்டடத்துக்கு ஆறு கொடுக்கும் பொருள் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். படுகை மணல் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு, வடிகட்டித் தருகிறது. திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் தென்காசி, விருதுநகர் மாவட்ட ஊர்களுக்கும் போகும் குடிநீர்த் திட்டங்களின் உறைகிணறுகள் அந்த மணலை நம்பித்தான் நிற்கின்றன. மணலை அள்ளினால் ஆறு ஓடும்போதே கிணறு வற்றும். ஸ்ரீவைகுண்டத்துக்காரரான தோழர் இரா. நல்லகண்ணு தம் எண்பத்தைந்தாம் வயதில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போய்த் தாமே வாதாடினார். 2010 டிசம்பரில் தாமிரபரணியில் ஐந்தாண்டுகளுக்கு மணல் அள்ளத் தடை வந்தது. அவர் கடவுள் நம்பிக்கை உள்ளவர் அல்லர். இந்த ஆற்றுக்கு அண்மைக் காலத்தில் நடந்த மிகப் பெரிய வழிபாடு அதுதான் என்று நான் கருதுகிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் வண்டி நின்றுவிட, நூற்றுக்கணக்கான பயணிகள் வெள்ளத்துக்கு நடுவே சிக்கினார்கள். குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்கியது. அந்தக் கோயில் மூழ்குவது புதிதல்ல. ஆற்றுக்குள்ளேயே, வெள்ளம் ஏறினால் வழிவிடும்படி கட்டிய கோயில் அது. வெள்ளம் வரும் என்று தெரிந்தால் உற்சவரை மேலக்கோயிலுக்கு எடுத்துப் போய்விடுவார்கள். வடிந்த பிறகு சேற்றை அள்ளிக் கழுவிப் பூஜையைத் தொடங்குவார்கள். கோயில் கட்டியவன் ஆற்றுக்கு ஏற்ப நடந்துகொண்டான். குளத்தையும் வாய்க்கால் கரையையும் தூர்த்து வீட்டுமனை போட்ட நாம் அப்படி நடந்துகொள்ளவில்லை.

மாணவ மாணவியரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். தாமிரபரணிக் கரையில் எத்தனை துறைகள் இருக்கின்றன என்பதற்கு ஊர்வாரியாகக் கைப்பட எழுதிய ஓர் ஏடு நமக்கு வேண்டும். உங்களில் பலர் கரை ஊர்க்காரர்கள். வருகிற விடுமுறையில் உங்கள் ஊர்த் துறைக்குப் போங்கள். ஊர்ப் பெரியவர்களிடம் அதன் பெயரைக் கேளுங்கள். எந்தெந்தத் தெருக்காரர்கள் அங்கே இறங்கினார்கள், யாரை இறங்கவிடவில்லை என்றும் கேட்டு எழுதுங்கள். என்ன சடங்கு எந்த நாளில் நடக்கிறது, எத்தனை படி, எந்தச் சாக்கடை எங்கே வந்து விழுகிறது, பக்கத்து மடை எந்தக் கால்வாயைச் சேர்ந்தது, அதில் கடைசியாகத் தண்ணீர் வந்தது எப்போது என்பதையெல்லாம் குறியுங்கள். துறையையும் மடையையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். இந்த அறக்கட்டளையின் அடுத்த ஆண்டுச் சொற்பொழிவுக்குப் பதிலாக அந்த ஏட்டையே அச்சிட்டு வெளியிடலாம் என்று நிறுவனர் குடும்பத்தாரைக் கேட்டுக்கொள்கிறேன்.

முதல் பக்கத்தில் அந்தப் பெரியவர் குளித்த துறையைப் பதியுங்கள். போன வாரம் அங்கே போய் எண்ணிப் பார்த்தேன். பதினெட்டுப் படி. கீழே மூன்று படி சேற்றுக்குள் இருக்கிறது.